ஷெர்லியின் குரலுக்கு ஒரு சிடி ப்ளேயர்

தூத்துக்குடி
22.1.2024

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போபாலில் குளிர் எப்படி? அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் அனுப்பிய போர்வைகள் வந்து சேர்ந்தன. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் ஆகிறது. சுவரில் முட்டளவுக்கு ஒரு கோடு மட்டும் நிற்கிறது. வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் நிற்க எனக்கு நேரமில்லை. துறைமுகத்தில் தேங்கிய கன்டெய்னர்களை இப்போதுதான் எடுக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒரு ஆலோசனை வேண்டும். கீழ்த்தட்டில் இருந்த சிடி ப்ளேயர் வெள்ளத்தில் போய்விட்டது. திறந்தால் உள்ளே சேறு. 1998இல் நீங்கள் கூட நின்று வாங்கித் தந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் உயரத்தில் இருந்ததால் பிழைத்தன. பீரோவில் இருந்த சிடிகளும் பத்திரம். எங்கள் சபைப் பாடகர் குழு கிறிஸ்துமஸ் ஆராதனைகளில் பாடியதைப் பதிவுசெய்து கொடுத்த பதினோரு சிடிகள். எல்லாவற்றிலும் ஷெர்லி இருக்கிறாள். இரண்டு பாட்டு தனியாகவே பாடியிருக்கிறாள்.

அதையெல்லாம் போனில் ஏற்றிக் கேளுங்கள் என்கிறாள் எங்கள் ஜெர்லின், சிங்கப்பூரில் இருந்துகொண்டு. போனில் அவள் அம்மாவின் குரல் கொசு மாதிரி வருகிறது.

ஷெர்லிக்கு அக்டோபரில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது உங்களுக்குத் தெரியும். புண் ஆறிவிட்டது. குரல்தான் இன்னும் தெளியவில்லை, காற்றாக வருகிறது. சரியாகிவிடும். அதற்குள் அவள் பழைய பாட்டுகளைக் கேட்டால் ஒரு தெம்பு வரும் என்று நினைக்கிறேன்.

இந்த செட்டுக்கு எந்த மாதிரி ப்ளேயர் பொருந்தும்? முப்பத்திரண்டு வருஷம் வானொலி நிலையத்தில் இன்ஜினியராக இருந்தவரை விட்டுவிட்டு யாரைக் கேட்பேன்? போன் செய்தேன். அக்கா எடுத்து, நீங்கள் குளிக்கிறீர்கள் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனன்,
டேவிட்சன்


போபால்
5.2.2024

பிரியமுள்ள டேவிட்சனுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் அக்கா முழங்காலைத் திட்டிக்கொண்டே மார்க்கெட்டுக்குப் போய் வருகிறாள். ஷெர்லியின் குரல் சீக்கிரம் தெளிய ஜெபிக்கிறோம்.

உன் ஆம்ப்ளிஃபயர் பழைய காலத்து ஆள். டிஜிட்டல் பாஷை அதற்குத் தெரியாது. ஆகையால், டிஜிட்டல் வெளியீடு மட்டும் உள்ள ப்ளேயரை எவ்வளவு புகழ்ந்து கொடுத்தாலும் வாங்காதே. பின்பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு சாக்கெட் இருக்க வேண்டும். அவற்றிலிருந்து வரும் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் 'சிடி' என்று எழுதிய இடத்தில்தான் செருக வேண்டும். பக்கத்தில் 'ஃபோனோ' என்று ஒன்று இருக்கும், அது இசைத்தட்டுக்கு. மறந்து அதில் செருகினால் ஸ்பீக்கர் அலறும்.

இன்னொன்று. உங்கள் சபை சிடிகள் கம்ப்யூட்டரில் எழுதியவை. சில பழைய ப்ளேயர்கள் கடையில் விற்ற சிடியைப் படிக்கும், இவற்றைப் படிக்காது. கடைக்குப் போகும்போது சொந்த சிடி ஒன்றைக் கையில் கொண்டு போ. முதல் பாட்டைப் போட்டு ஏமாறாதே; கடைசிப் பாட்டைப் போடு. சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். ப்ளேயரின் கண் மங்கியிருந்தால் கடைசி ஓரத்தில்தான் திக்கும்.

போன் செய்து சிரமப்படாதே. எழுது. எழுதினால் எனக்கும் பொழுது போகும்.

சமாதானத்துடன்,
சுந்தர்சிங்


தூத்துக்குடி
1.3.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் அறிய ஆவல். உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செந்தூர்பாண்டி அண்ணாச்சி கடைக்குப் போனேன். பழைய செட்டுகள் விற்பவர். நான் கேட்டதும் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"சிடி ப்ளேயரா? இப்ப யாரு தம்பி அதெல்லாம் கேக்கா? ஊரே புளூடூத்துக்குப் போயிட்டு."

"நான் கேக்கேன் அண்ணாச்சி."

"அப்போ ரெண்டு கெடக்கு. ரெண்டுல ஒண்ண நீங்கதான் எடுக்கணும், வேற ஆள் கெடையாது."

இரண்டுக்கும் சிவப்பு வெள்ளை சாக்கெட் இருக்கிறது, இரண்டும் கடைசிப் பாட்டைத் திக்காமல் பாடின. ஒன்று ஒற்றை சிடி போடுவது. பழசு, கனமாக இருக்கிறது. மற்றது ஐந்து சிடி போடும் சுழல்தட்டு, பார்க்கப் புதிது. 2009ஆம் வருஷ சிடியில் ஷெர்லி தனியாகப் பாடியதை இரண்டிலும் போட்டுக் கேட்டேன். ஒன்றில் கிட்டே நின்று பாடுகிறாள். மற்றதில் தூணுக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டதில் எது எது என்று எனக்கே குழம்பிவிட்டது. டபுள் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போனால் வேறு என்ன ஆகும்?

அதனால் இரண்டையும் போனில் பதிவுசெய்து அக்கா எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எது என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணாச்சி ஒரு மாதம் எடுத்துவைக்கிறேன் என்றிருக்கிறார். நேற்றும் போன் செய்தேன். நேற்றும் குளித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஷெர்லிக்கு அப்படியேதான் இருக்கிறது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம்.

டேவிட்சன்


போபால்
14.4.2024

பிரியமுள்ள டேவிட்சனுக்கு,

பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும். இடையில் ஒரு காய்ச்சல். இப்போது சுகம்.

நீ அனுப்பிய பதிவுகள் கிடைத்தன. போனில் பிடித்த சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது தொழிலுக்கே துரோகம். ஆகையால் காதை விட்டுவிட்டு யோசித்தேன். ஒற்றை சிடி ப்ளேயரை எடு. சுழல்தட்டில் ஓடும் பாகங்கள் அதிகம்; உன் ஊர் உப்புக்காற்றுக்கு முதலில் அதுதான் போகும். கனமான பெட்டி பெரும்பாலும் நல்ல பெட்டி. வாங்கியதும் சாக்கெட்டுகளைத் துடை. பச்சை பிடித்திருந்தால் சத்தம் கரகரக்கும். ஆம்ப்ளிஃபயரின் தலையில் அதை ஏற்றி வைக்காதே, சூடு ஆகாது.

டாக்டர் என்ன சொன்னார்? நீ எழுதவில்லை.

சுந்தர்சிங்


தூத்துக்குடி
5.5.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். வெயில் மட்டும் தாங்க முடியவில்லை. துறைமுக யார்டில் கன்டெய்னரின் இரும்புக் கதவைத் தொட்டால் கை பொத்துப்போகிறது.

நீங்கள் சொன்னதைத்தான் எடுத்தேன். செட்டுக்கு அப்படியே பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஷெர்லியை நாற்காலியில் உட்காரவைத்து 2009 சிடியைப் போட்டேன். அத்தான், கூடத்தில் நின்று பாடுவதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது சரணத்தில் ஷெர்லி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டதில் தாங்கவில்லைபோல. இப்போது தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு உயிர் வந்த மாதிரி இருக்கிறது. அவள் அந்த நேரத்தில் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள்.

போன வாரம் அக்கா வீடியோ கால் போட்டாளே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஷெர்லி ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்கு விளங்கவில்லை, அக்காவுக்கும் விளங்கவில்லை. நீங்கள் மட்டும், "ஆமா தங்கச்சி, மீசைய எடுத்துட்டேன், நரைச்சிட்டுல்லா" என்றீர்கள். போபாலில் இருந்துகொண்டு! அதுதான் வானொலி நிலையத்துக் காது. ஆனால் போனுக்குப் பின்னால் நின்று ப்ளேயரைப் பற்றி நான் இரண்டு தடவை கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, சும்மா சிரித்தீர்கள். மைத்துனன் என்றால் இளக்காரம்தான்.

டாக்டர் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

டேவிட்சன்


தூத்துக்குடி
24.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு ஷெர்லி எழுதுவது.

நீங்களும் மைனியும் நலந்தானே? நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உங்கள் மச்சினருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்.

டாக்டர் சொன்னதை அவர் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று செத்துவிட்டது. பயிற்சி செய்தால் பேச்சு இன்னும் கொஞ்சம் தேறலாம், பாட்டு வராது. மார்ச் மாதமே சொல்லிவிட்டார். உங்கள் மச்சினரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து ஆட்டோ பிடித்தார், வழியில் கொய்யாப்பழம் வாங்கினார். அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இருபத்து நான்கு வருஷம் பாடினேன் அண்ணன். இப்போது நான் அடுப்படியில் நின்று ஒன்று சொன்னால் கூடத்தில் விளங்காது. ஆனால் கூடத்திலிருந்து நான் பாடுவது தெரு வரைக்கும் கேட்கிறது. பக்கத்து வீட்டு அனுசியா, "குரல் வந்துட்டா அக்கா?" என்று ஓடிவந்தாள். அவளுக்கு நான் கையைக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. தினமும் அந்த நேரம் வந்தால் மாடிக்கு ஓடுகிறேன். காயாத துணியைக்கூட எடுத்துவிடுகிறேன். சாத்தான்குளத்தில் என் அக்கா ஈவாஞ்சலின் வீட்டுக்குப் போய் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது.

நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். இந்த ப்ளேயர் அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தாது, தொடர்ந்து போட்டால் செட்டு கெட்டுவிடும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். அன்றைக்கு வீடியோவில் நான் பேசியபோது எனக்குச் சத்தமே வரவில்லை, வெறும் வாயை அசைத்தேன். நீங்கள் ஒருவர்தான் பதில் சொன்னீர்கள். உங்களுக்குக் காது கேட்கவில்லை, அப்படித்தானே அண்ணன்?

தங்கை,
ஷெர்லி


போபால்
6.6.2024

அன்புத் தங்கை ஷெர்லிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாயிற்று. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை.

ஆமாம். ஒன்றரை வருஷமாகிறது. முதலில் இடது காது போனது, அடுத்து வலது. மெஷின் வைத்துப் பார்த்தேன்; தகரத்தில் கல் உரசும் சத்தம்தான் வருகிறது, சொல் பிரியவில்லை. உன் மைனிக்கும் எங்கள் மகனுக்கும் மட்டும் தெரியும். போன் வந்தால் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். டேவிட்சன் அனுப்பிய அந்த இரண்டு பதிவுகளையும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். திரையில் கோடு ஓடுவது மட்டும் தெரிந்தது. ஆறு வாரம் பதில் எழுதாததற்குக் காய்ச்சல் காரணமில்லை.

வாழ்நாளெல்லாம் அடுத்தவன் காதுக்குத் தீர்ப்புச் சொன்னவன், எனக்குக் கேட்கவில்லை என்று மச்சினனிடம் சொல்ல வெட்கப்பட்டேன். நீ பாடிப் பழகியவள், வாயை முழுசாகத் திறந்து பேசுகிறாய். அதனால் படிக்க முடிந்தது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? ஒரு முழு வாக்கியம், யாரும் எழுதிக் காட்டாமல்.

நீ கேட்ட பொய்யை மட்டும் என்னால் எழுத முடியாது தங்கச்சி. ஏற்கெனவே ஒரு பொய்யைச் சுமக்கிறேன், இடுப்பு ஒடிகிறது. அந்த ப்ளேயர் அந்த செட்டுக்குப் பொருந்தும். உனக்குத்தான் பொருந்தவில்லை. அதை நீதான் அவனிடம் சொல்ல வேண்டும். விளங்காவிட்டால் திரும்பச் சொல், சலிக்காதே. அவனிடம் என் காதைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

உன் அண்ணன்,
சுந்தர்சிங்


தூத்துக்குடி
30.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நலம் என்று எழுதினால் அது வழக்கத்துக்காகத்தான்.

ஷெர்லி சாத்தான்குளம் போய்ப் பத்து நாளாகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்து பார்த்தால் வீடு பூட்டியிருந்தது. தேயிலை டப்பாவின் கீழ் ஒரு துண்டுச்சீட்டு: 'அக்கா வீட்டில் இருக்கிறேன். மீன் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது.' ஈவாஞ்சலின் மைனிக்குப் போன் செய்தால், "அவ கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டும் தம்பி" என்கிறாள். ஷெர்லியிடம் போனில் என்ன பேச? அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வருகிறது.

அவளுக்கு வீட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுக்காகத்தானே இவ்வளவும் தேடி வாங்கினேன்! பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வீடு இன்னும் காலியாகத் தெரிகிறது. இரண்டு நாளாகப் போடவில்லை.

ஒன்று கேட்கிறேன். ப்ளேயரைச் சாத்தான்குளத்துக்குக் கொண்டுபோய் ஈவாஞ்சலின் மைனி வீட்டு டிவியில் இணைக்க முடியுமா? அதற்கு என்ன ஒயர் வேண்டும்? அங்கேயாவது கேட்கட்டும்.

டேவிட்சன்


போபால்
8.7.2024

பிரியமுள்ள டேவிட்சனுக்கு,

ஒயரை விடு. ப்ளேயரை விடு.

எனக்குக் காது கேட்காது, மாப்பிள்ளை. இரண்டு காதும். ஒன்றரை வருஷமாக. நீ அனுப்பிய பாட்டு எதையும் நான் கேட்கவில்லை. கேட்காமலேதான் உனக்கு ஆலோசனை சொன்னேன். கோபப்படு, பரவாயில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம்; வேறொன்றுமில்லை.

காது போனவன் முதலில் கற்றுக்கொள்வது தலையாட்டுவதை. எதிரில் இருப்பவர் சொன்னது விளங்காவிட்டால், திரும்பக் கேட்க அலுப்பாக இருக்கும். 'சரி' என்று சொல்லிவிடுவேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் உன் அக்கா அழுதுகொண்டே என்னிடம் எதையோ சொன்னாள். சரி என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவில்லை.

ஷெர்லி எனக்கு எழுதினாள். என்ன எழுதினாள் என்று சொல்ல மாட்டேன், அவளிடமே கேள். வெறுங்கையோடு போ. வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார். வாயைப் பார். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இன்ஜினியரிங்.

சுந்தர்சிங்


தூத்துக்குடி
29.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காதைப் பற்றி எழுத நினைத்து மூன்று தாள் கிழித்தேன். உங்களுக்குக் கேட்கிறதா என்றே கேட்காமல் இத்தனை மாதமும் எனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மழைக்காலத்துச் 'சரி'யைப் பற்றி அக்காவிடமும் சொன்னேன். அவள் போனில் வெகுநேரம் அழுதாள். அன்றைக்கு என்ன சொன்னாள் என்று நீங்களே அவளிடம் கேளுங்கள். அதை நானும் சொல்லப்போவதில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே சாத்தான்குளம் போனேன். ஈவாஞ்சலின் மைனி காப்பி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள். ஷெர்லி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். இடம் மாறி உட்காரச் சொன்னேன். ஏன் என்று பார்த்தாள். "மொகம் தெரியணும்" என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லாம வந்திட்டியே" என்று ஆரம்பித்தேன். அவள் சொன்னதை மூன்றாவது தடவையில் பிடித்தேன்.

"சொன்னேன். நீங்க ஷூ மாட்டிக்கிட்டு இருந்தீங்க. அக்கா வீட்டுக்குப் போறேன், எப்ப வருவேன்னு தெரியாதுன்னு சொன்னேன். சரின்னீங்க."

எனக்கு நினைவே இல்லை அத்தான். ஆனால் சொல்லியிருப்பேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நான் சொன்னதுக்கெல்லாம் சரிதான். மொளகா தீந்துட்டுன்னா சரி. நெஞ்சு அடைக்குன்னா சரி. அந்தப் பெட்டில பாடுதவ சொல்லுததுதான் உங்களுக்கு விளங்குது. அவகூடவே இருங்க."

டாக்டர் சொன்ன அன்றைக்குப் பயந்துவிட்டேன் என்று சொன்னேன். நாள் முழுக்கக் கிரேன் சத்தத்தில் நின்றுவிட்டு வந்து, சத்தமில்லாத வீட்டுக்குள் நுழைய முடியவில்லை என்றேன். திரும்பக் கேட்டால் அவள் கஷ்டப்பட்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டுமே என்று சரி சொன்னேன் என்றேன். பாதி உண்மை. மீதி, அலுப்பு. அதையும் சொன்னேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். இனிமேல் அவள் கேட்காமல் அந்தப் பாட்டுகளைப் போட மாட்டேன் என்றேன். "நான் கேக்க மாட்டேன்" என்றாள். சரி என்று வாய் வரைக்கும் வந்தது. "விளங்கிச்சு" என்றேன்.

அன்றைக்கு அவள் கூட வரவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். நேற்று மூன்றாவது ஞாயிறு. பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள்.

பஸ்ஸில் கூட்டம். பழையகாயல் தாண்டியதும் உப்பளக் காற்று முகத்தில் அறைந்தது. டிரைவர் ஹாரனை விடவே இல்லை. ஜன்னலோரம் இருந்த ஷெர்லி என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. "இன்னொரு மட்டம் சொல்லு" என்றேன். சொன்னாள். விளங்கவில்லை. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை 'கை' என்பது மட்டும் பிடிபட்டது. அவளுக்கு வேர்த்துவிட்டது, முகம் சலித்துவிட்டது. போகட்டும் என்று திரும்பப் போனவளை விடாமல், "இன்னும் ஒரே ஒரு மட்டம்" என்றேன்.

வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"கண்ணாடிய எறக்குங்க. எனக்குக் கை எட்டல."

எழுந்து இறக்கினேன்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பும்.

டேவிட்சன்